இழை: ஏரோசால் ஆப்டிகல் டெப்த் – தமிழில்?

க. எழுதியது:
நண்பர்களே, காற்று மாசு ஆய்வுக்காக வீடுவீடாகப் போகும் களப்பணியாளர்களுக்குக் கையேடு மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். மணலி, வேளச்சேரி போன்ற இடங்களில் தரையிலேயே அளவுக்கருவி உண்டு. அது இல்லாத தெருக்காரர் எவ்வளவு பி.எம். 2.5 (2.5 மைக்ரானும் அதற்குக் குறைவுமான நுண்துகள்) சுவாசிக்கிறார் என்று கணிக்கத்தான் டெர்ரா, அக்வா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவியின் தரவு. ஆனால் அது நேராக பி.எம். 2.5-ஐத் தருவதில்லை. தரையிலிருந்து வளிமண்டல உச்சிவரை மிதக்கும் துகள்கள் வெளிச்சத்தை எவ்வளவு தடுக்கின்றன என்ற எண்ணைத் தருகிறது. அதுதான் ஏரோசால் ஆப்டிகல் டெப்த், சுருக்கமாக ஏ.ஓ.டி. அலகு கிடையாது. 'தூசிப்படல ஒளியியல் ஆழம்' என்று போட்டேன். படித்துப் பார்த்த பெண், "எத்தனை அடி ஆழம் சார்?" என்றார்.

செ. எழுதியது:
தூசி மட்டுமா? புகை, சல்பேட்டு, நம் கடற்காற்றின் உப்பு எல்லாம் சேர்த்தி. 'துகள் ஒளிமறைப்பு' எனலாம்.

ம. எழுதியது:
ஓடு–ஓட்டம், வாடு–வாட்டம், மூடு–மூட்டம். 'துகள்மூட்டம்' கையிலேயே இருக்கிறதே! தீ மூட்டுவதிலிருந்து வந்த சொல் என்பார் உண்டு; ஏற்கமாட்டேன். வாழைத்தாருக்கு மூட்டம் போடுவதும், இராமநாதபுரத்துச் சீமைக்கருவேலங் கரிமூட்டமும் காற்றுப் புகாமல் மூடுவதால் வந்தவையே. கரிமூட்டம் பற்றி விரிவாக அடுத்த மடலில்.

ந. எழுதியது:
ஐயா, கரி ஆறட்டும் :-) வடகிழக்குப் பருவமழையில் மேகம் மறைத்தால் அன்றைக்குத் தரவே கிடையாது. "மேகமூட்டத்தால் துகள்மூட்டம் கிடைக்கவில்லை" என்று யார் படிப்பது? அப்புறம், போகிப் புகை விடியற்காலையில் தரையோடு கிடக்கும். டெர்ரா கடப்பதோ பொழுது நன்றாக ஏறிய பிறகு; கண்ணில் பட்ட புகை அந்த எண்ணில் வராமல் போகலாம். மூட்டம் என்றால் ஜன்னலில் எட்டிப் பார்த்தே முடிவு கட்டிவிடுவார்கள். ஏ.ஓ.டி. என்றே விடுங்களேன்.

ம. எழுதியது:
எழுத்தைக் கூட்டித் தமிழ் லிபியில் எழுதிவிட்டால் கலைச்சொல்லா? அப்படியென்றால் இந்தக் குழு எதற்கு?

க. எழுதியது:
சரி, நேரமில்லை. முதல் இடத்தில் 'துகள் ஒளிமறைப்பு அளவு', பக்கத்திலேயே ஏ.ஓ.டி., பிறகு முழுக்க ஏ.ஓ.டி. செ., ந. இருவருக்கும் சம்மதம்தானே?

செ. எழுதியது:
சம்மதம். ஆனால் 'துகளொளி' என்று சேர்த்து அச்சடித்துவிடாதீர்கள். துகள் மின்னுகிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

ம. எழுதியது:
மறைப்பு கிரகணத்துக்குரிய சொல். என் எதிர்ப்பு பதிவில் இருக்கட்டும். கரிமூட்ட மடல் ஞாயிறன்று வரும்.