ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்து நெடி ஏறிய அனுபவம் யாருக்காவது உண்டா?

மதுரைக்காரி:
போகிக்கு முதல் நாள். அம்மா பாத்ரூமில் ஆசிட் ஊற்றித் தேய்த்திருக்கிறார். உப்புக்கறை போகவில்லை என்று அதன் மேலேயே பிளீச்சிங் பவுடரையும் தூவிவிட்டார். நான் அடுப்படியில் இருந்தேன். இருமல் சத்தம் முதலில் சாதாரணமாகத்தான் கேட்டது, அப்புறம் நிற்கவே இல்லை. வெளியே தண்ணீர் தெறிக்கும் என்று கதவைச் சாத்தி வைத்திருந்தார். திறந்தால் மஞ்சளும் பச்சையுமாக ஒரு புகை தரையோடு நிற்கிறது. அம்மா குந்தி உட்கார்ந்தபடியே வாளி விளிம்பைப் பிடித்து எழப் பார்க்கிறார், முடியவில்லை. அந்தக் கை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. ஆக்சிஜன் வைத்து இரண்டு நாள் கழித்துத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

கரூர் தம்பி:
நடந்திருக்கிறது அக்கா. கல்யாண மண்டபத்தில் வேலை பார்த்தபோது, சீக்கிரம் முடியட்டும் என்று இரண்டையும் ஒரே வாளியில் கலக்கச் சொன்னார்கள். வாளி கொதிக்கிற மாதிரி நுரைத்தது. நான் வெளியே ஓடிவிட்டேன். கூட இருந்த அக்கா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு கடைசி அறை வரை கழுவினார். "பழகிடும் தம்பி" என்றார். அன்று ராத்திரி அவரால் படுக்க முடியவில்லை, சுவரில் சாய்ந்தபடியே விடிய விடிய உட்கார்ந்திருந்தார். நான் ஏன் அவரையும் இழுத்துக்கொண்டு ஓடவில்லை என்று இப்போதும் நினைக்கிறேன்.

தாம்பரம் கீதா:
இதற்குத்தான் நான் ஆசிட்டை வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை. பிளீச்சிங்கில் கொஞ்சம் வினிகர் விட்டுத் தேய்த்துப் பாருங்கள், டைல்ஸ் பளிச்சென்று ஆகிவிடும்.

ஓய்வுபெற்ற கெமிஸ்ட்ரி வாத்தியார்:
கீதாம்மா, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வினிகரும் அமிலம்தான். பிளீச்சிங்கோடு எந்த அமிலம் சேர்ந்தாலும் குளோரின் வாயு வரும். 1915இல் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் ஜெர்மன் படை திறந்துவிட்டதும் இதே வாயுதான். காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம், அதனால் தரையோடு தங்கும். குந்தி உட்கார்ந்து தேய்ப்பவரின் மூக்கும் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. ஆசிட் போட்டால் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். சிறுநீர் தேங்கிய இடத்தில் பிளீச்சிங் போட்டாலும் கெட்ட வாயு வரும், முதலில் தண்ணீர் ஊற்றுங்கள். கதவு, ஜன்னல் திறந்திருக்கட்டும். நெடி ஏறிவிட்டால் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு வெளிக்காற்றுக்கு வந்துவிடுங்கள். நன்றாகிவிட்டது என்று தோன்றினாலும் சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கலாம். மூச்சு இழுத்தால் 108ஐக் கூப்பிடுங்கள்.

தாம்பரம் கீதா:
பத்து வருஷமாக இப்படித்தான் செய்கிறேன் சார், ஒன்றும் ஆனதில்லை.

ஓய்வுபெற்ற கெமிஸ்ட்ரி வாத்தியார்:
உங்கள் பாத்ரூமில் காற்று நன்றாக வருகிறது போலிருக்கிறது. மதுரைக்காரியின் அம்மாவும் அதற்கு முன்னால் எத்தனை போகிக்குக் கழுவியிருப்பார் அம்மா?

சேலத்து அப்பா:
என் கதை கொஞ்சம் வேறு. எங்கள் தெருவுக்கு மொபெட்டில் வருபவர் தண்ணீர் பாட்டிலில்தான் ஆசிட் ஊற்றித் தருவார். வாங்குபவரின் பெயர், முகவரியைப் பதியாமல் விற்கக் கூடாது என்று 2013இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்கள் தெருவில் யாரும் எதையும் பதிந்ததில்லை, நானும் கேட்டதில்லை. மூன்று வயதுப் பையன் அந்தப் பாட்டிலை வாயருகே கொண்டுபோய்விட்டான். தட்டிவிட்டேன். மொசைக் தரையில் சுர்ரென்று பொங்கியது. அந்த வெள்ளைத் திட்டின் மேல் இப்போது பாய் போட்டு வைத்திருக்கிறோம்.

மதுரைக்காரி:
வாத்தியார் சொன்னதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன் சார். "எனக்கு யாரும் சொல்லலையே" என்றார். மாடிப்படி ஏறினால் பாதியில் நின்றுவிடுகிறார், இன்னும்.