மீன்காரம்மா மனசுக்குள் எந்தத் தமிழ்?

ராயபுரம் வாசகன்:
போன வாரம் நம் குழுவில் வாசித்த கதையில், காசிமேடு ஏலத்தில் நிற்கும் மீன்காரம்மா வாயைத் திறந்தால் "இன்னா நைனா, வெல சொல்லு" என்கிறாள். அடுத்த வரியிலேயே 'தன் வாழ்வு கானல் நீராகிவிட்டதே என்று எண்ணி ஏங்கினாள்' என்று வருகிறது. எனக்கு அங்கேயே கதை செத்துப்போச்சு. எண்ணியது அவளா, எழுதியவரா? பேசுகிற மொழியிலேயே நினைக்கட்டும்.

வியாசர்பாடி:
ஒத்துக்க மாட்டேன். மனசில் ஓடுவது பேச்சு இல்லை. புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' தொடக்கம் ஞாபகம் இருக்கா? நம்ம பிராட்வே முனையில் நின்றுகொண்டு, டிராமில் போனால் காலணா மிஞ்சும், வெற்றிலை போடலாம், பஸ்ஸில் கண்டக்டரை ஏமாற்றினால் அரைக் கப் காப்பி என்று பிள்ளை கணக்குப் போடுகிறார். நெல்லைப் பக்கத்து மேலகரத்து ஆள், ஆனால் கணக்கு ஏறக்குறைய எழுத்துத் தமிழில்தான் ஓடுகிறது. ஆள் கண்முன் நிற்கிறாரே!

ராயபுரம் வாசகன்:
நிற்க வைப்பது அந்தக் காலணா. ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் 'ஈவ்லின்' கதையை (1914இல் வந்த 'டப்ளினர்ஸ்' தொகுப்பு) பாருங்கள். வீட்டை விட்டுப் போக அவள் சம்மதித்துவிட்டாள் என்று ஒரு வரி, உடனே அது புத்திசாலித்தனமா என்று ஒரு கேள்வி. 'நினைத்தாள்' கிடையாது. ஆங்கிலத்தில் அந்தக் கேள்வி இறந்தகாலத்தில் இருப்பதால் கதைசொல்லி குரலும் அவள் குரலும் கலந்து கேட்கும். தமிழில் 'இது சரியா?' என்றால் காலமே இல்லை, முழுக்க அவள் குரல். அப்போ அது அவள் தமிழாகத்தானே இருக்கணும்?

வியாசர்பாடி:
கலக்க நம்மிடம் 'தான்' இருக்கே. 'தனக்கு மட்டும் ஏன்?' என்று எழுதினால் அதில் 'நான்' இல்லை, 'அவள்' இல்லை, இரண்டும் இருக்கு. அதை விட்டுட்டு துக்கத்தை 'இன்னா'வில் வைத்தால், சினிமா காமெடியில் நம்ம பேச்சைக் கேட்டே பழகியவர்கள் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். எனக்கு வலிக்கும்.

காசிமேடு:
என் அம்மா முப்பது வருஷம் ஏலத்தில் நின்றவர். தனியா யோசிக்கும்போது அவரிடம் 'இன்னா'வும் வராது, கானல் நீரும் வராது. கூட ஆயிரம், ஐஸு நூறு, ஆட்டோ நூத்தம்பது என்று உதடு மட்டும் அசையும். நடுவில் செத்துப்போன அப்பா பேர் வரும், அப்புறம் மறுபடி ஐஸு. கதையில் அந்த வரியை இப்படி மாற்றலாமா: 'கூட ஆயிரம். ஐஸு நூறு. தனக்கு மட்டும் ஏன்? ஆட்டோ நூத்தம்பது.'

வியாசர்பாடி:
இது சரி. 'கூடை' என்று மட்டும் திருத்துங்கள், 'கூட' என்றால் படிப்பவருக்கு வேறு அர்த்தம் போகும்.

ராயபுரம் வாசகன்:
கூடை இருக்கட்டும். ஐஸுவில் கை வைக்க விடமாட்டேன்.