அப்பாவின் பஸ்ஸைப் போர்வையில் பின்னினேன், கதவு எதிர்ப்பக்கம் போய்விட்டது

இடக்கை:

படம் வைத்த குரோஷே (கொக்கி ஊசியால் நூலைப் பின்னுவது) போர்வை பின்னி யாருக்காவது பரிசாகக் கொடுத்திருக்கிறீர்களா? என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் உங்களுடையதை எழுதுங்கள்.

அப்பா அரசு பஸ் டிரைவர். பொள்ளாச்சி - வால்பாறை ரூட்டில் மட்டும் பத்தொன்பது வருடம் ஓட்டினார். 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை நிற்கும், அவருக்கு அந்தப் பலகையே தேவையில்லை, எந்த வளைவில் எந்த கியர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ரிட்டயர் ஆகும்போது சால்வையும் சுவர்க் கடிகாரமும் எப்படியும் வரும், நாம் வேறு ஏதாவது செய்வோம் என்று, அவர் கடைசியாக ஓட்டிய பச்சை பஸ்ஸையே போர்வையில் கொண்டுவர நினைத்தேன். அப்பா அம்மா இருப்பது வால்பாறையில், அதனால் கம்பளிக்கு அங்கே நிஜமாகவே வேலை இருக்கிறது.

பஸ்ஸைப் பக்கவாட்டில் எடுத்த பழைய போட்டோ ஒன்று இருந்தது. அதைக் கட்டங்களாக மாற்றித் தரும் ஒரு செயலியில் போட்டால் 34 நிறம் காட்டியது. 34 நிறத்துக்கு உல்லன் வாங்கினால் என் சம்பளம் போதாது. சரி என்று எக்செல்லில் கட்டங்களைச் சதுரமாக்கி நானே வண்ணம் அடித்தேன். 60க்கு 60, ஐந்தே நிறம். பஸ்ஸுக்குப் பின்னால் மலையில் 40 வளைவையும் காட்ட ஆசை, இடமிருந்தது ஐந்துக்கு. முன்னால் 'வால்பாறை' என்று போர்டு வைக்கவும் பார்த்தேன், ஒரு தமிழ் எழுத்து அடையாளம் தெரிய வேண்டுமானால் ஏழெட்டுக் கட்டமாவது வேண்டும், 'வா' எழுதி முடிப்பதற்குள் கண்ணாடி தீர்ந்துவிட்டது. எழுத்தையே விட்டுவிட்டேன். அந்த முடிவை நினைத்துப் பிற்பாடு ரொம்பவும் வருத்தப்பட்டேன்.

பின்னியது மூலையிலிருந்து மூலைக்குப் போகும் முறையில். மூன்று செயின் (சங்கிலிக் கண்ணி), மூன்று டபுள் குரோஷே (உயரமான கண்ணி), இவ்வளவுதான் ஒரு கட்டம். (அமெரிக்கர்கள் டபுள் என்பதை பிரிட்டிஷ்காரர்கள் ட்ரெபிள் என்பார்கள், அம்மாவின் பழைய புத்தகங்களைப் பார்த்துப் பின்னுகிறவர்கள் கவனம்.) முதல் வரிசையில் ஒரு கட்டம், அடுத்ததில் இரண்டு, இப்படிக் கூடிக்கொண்டே போய் 60வது வரிசையில் 60 கட்டம் வரும், அப்புறம் ஒவ்வொன்றாகக் குறையும். மொத்தம் 119 சாய்வு வரிசை, 3,600 கட்டம். ஒரு கட்டத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் 60 மணி நேரம். எனக்கு அதற்கு மேலேயே ஆனது, வேலைக்குப் போய்க்கொண்டு நாலரை மாதம். நாலு எம்எம் ஊசி, நடுத்தரக் கனத்தில் அக்ரிலிக் உல்லன், ஒன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடித்தது.

நிறம் மாற்றுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, அடுத்த கட்டத்துக்கு முன் போடும் ஸ்லிப் ஸ்டிச்சிலேயே (கட்டத்தை இணைக்கும் சின்னக் கண்ணி) புது நிறத்தை இழுத்துவிட வேண்டும். கஷ்டம் நூல் சிக்குவதில்தான். பஸ்ஸின் ஜன்னல் வரும் இடத்தில் ஒரே வரிசையில் பதினோரு குட்டிப் பந்துகள் தொங்கின, துணி கிளிப்பில் சுற்றித் தொங்கவிட்டேன். வரிசைக்கு ஒருமுறை எல்லாவற்றையும் பிரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஜடை பின்னியதுபோல் ஆகிவிடும்.

மூன்றில் இரண்டு பங்கு முடிந்தபோது பச்சை தீர்ந்துவிட்டது. அதே கம்பெனி, அதே எண் பார்த்துத்தான் வாங்கினேன், ஆனால் லேபிளில் சாய லாட் எண் (ஒரே தடவையில் சாயம் போட்ட நூலுக்கெல்லாம் ஒரே எண்) என்று ஒன்று தனியாக இருக்கிறது, அதைப் பார்க்கவில்லை. ட்யூப் லைட்டில் ஒன்றுபோலத்தான் இருந்தது. காலையில் ஜன்னலோரம் விரித்தால் பஸ்ஸின் குறுக்கே சாய்வாக ஒரு கோடு, அதற்கு அந்தப் பக்கம் வெளுத்த பச்சை. பிரிக்க மனசு வரவில்லை.

நான் இடக்கைக்காரி. இணையத்தில் கிடைக்கிற செய்முறை எல்லாம் வலக்கைக்காரர்களுக்கு எழுதியது. அதை இடக்கையால் அப்படியே பின்னினால் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி படம் திரும்பிவிடும். பாதியில் பஸ் வேறு திசையைப் பார்ப்பது எனக்கே தெரிந்தது, நாம்தான் பின்பக்கத்தைப் பார்க்கிறோம் போல என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். போர்டில் எழுத்து இருந்திருந்தால் அன்றைக்கே விழித்திருப்பேன். தெரிந்தபோது நூல் முனைகளைக் கூட உள்ளே செருகி முடித்துவிட்டேன். பஸ் எந்தப் பக்கம் போனால் என்ன, பஸ் பஸ்தானே என்று மடித்துக் கவரில் போட்டாகிவிட்டது.

அப்பா விரித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஏம்மா, கதவு ரோட்டுப் பக்கமா இருக்கு? ஜனங்க எதிர்ல வர்ற லாரியில போய் இறங்கறதா?"

யோசித்துப் பாருங்கள், நம் ஊரில் ஏறி இறங்கும் கதவு இடது பக்கம், கதவு தெரிகிற மாதிரி பஸ்ஸைப் பக்கவாட்டில் பார்த்தால் அது இடது பக்கமாகத்தான் போக வேண்டும். என் பஸ் வலது பக்கம் போகிறது. அமெரிக்காவில் ஓட்டலாம். அந்த வெளுத்த பச்சையைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை, "டிப்போவுல பெயின்ட் பத்தலைன்னா இப்படித்தான் அடிப்பாங்க" என்று அவரே அதற்குக் காரணம் கண்டுபிடித்துக்கொண்டார்.

பூனைக்காரி:

அக்கா, சிரிப்பை அடக்க முடியவில்லை, மன்னியுங்கள். என்னுடையது பூனை. மகள் ஹாஸ்டலுக்குப் போனபோது வீட்டுப் பூனையைப் போர்வையாகப் பின்னித் தந்தேன். நான் போட்டது சிங்கிள் குரோஷே (டபுளைவிடக் குட்டையான கண்ணி), வரிசைக்கு 140 கண்ணி, 140 வரிசை. கிராஃப் தாளில் சதுரம்தானே, போர்வையும் சதுரமாக வரும் என்று நம்பினேன். சிங்கிள் குரோஷே கண்ணி சதுரம் இல்லை, அகலம் கொஞ்சம் கூட, உயரம் குறைவு. முடித்து அளந்தால் அகலம் 40 அங்குலம், உயரம் 35. பூனை பக்கவாட்டில் பெருத்துப் போய்க் குட்டிப் பன்றி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. மகள் போனில், "அம்மா, நான் வந்த பிறகு இதுக்கு என்ன போடுறீங்க?" என்றாள்.

நாலு அங்குலத்துக்கு ஒரு மாதிரித் துண்டு பின்னி அளந்திருந்தால் 160 வரிசை வேண்டும் என்று முதல் நாளே தெரிந்திருக்கும். அரை மணி நேர வேலை. எனக்குப் பொறுமை இல்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் மாடி:

நான் சென்னை. இந்த வெயிலில் கம்பளி பின்னுகிறாயா என்று கேட்காத ஆள் இல்லை. மாமியார்தான் அதில் முதல். ஒருநாள் அவரிடம், 2016 ஜனவரியில் மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் என்ற குழு உலகத்திலேயே பெரிய குரோஷே போர்வை செய்து கின்னஸில் இடம் பிடித்தது இதே சென்னையில்தான், 11,148.5 சதுர மீட்டர், என்று சொன்னேன். "அதை யார் மடிச்சு வெச்சா?" என்றார். பதில் இல்லை.

எனக்கு எரிச்சலூட்டியது வேறு. நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு மயில் படம் போட்டுக் கொடுத்தேன், அதைப் பார்த்த ஒரு அம்மா எண்ணூறு ரூபாய் தருகிறேன், எனக்கும் ஒன்று போட்டுக் கொடு என்றார். நூலுக்கே ஆயிரத்துக்கு மேல் ஆயிற்று என்றால், "மெஷின்ல போட்டா சீக்கிரம் முடிஞ்சிடுமே" என்கிறார். ஸ்வெட்டர் பின்ன மெஷின் இருக்கிறது, குரோஷேயைக் கையால்தான் பின்ன முடியும் என்று விளக்கினேன், நம்பவில்லை. விலைதான் ஏற்றுகிறேன் என்று நினைத்திருப்பார்.

மயிலின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். நாத்தனார் வீட்டில் துவைத்து, கரி போட்ட இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டார்கள். அக்ரிலிக்கில் சூடு பட்டால் நூல் செத்துவிடும். துவண்டு, பளபளவென்று, புடவை மாதிரி ஆகிவிடும், திரும்ப எதுவும் செய்ய முடியாது. தோகை இருந்த பக்கம் முழுக்கப் போயிற்று. இஸ்திரிக்காரரைச் சொல்லி என்ன பயன், நான்தான் ஒரு சீட்டில் எழுதி வைத்திருக்க வேண்டும். இப்போதெல்லாம் எழுதித்தான் கொடுக்கிறேன்: தண்ணீரில் அலசி, துண்டில் சுருட்டிப் பிழிந்து, தரையில் விரித்துக் காயவையுங்கள், கொடியில் போட்டால் நீண்டுவிடும், இஸ்திரிப் பெட்டி கிட்டேயே வரக்கூடாது.

புதுப் பாட்டி:

பேத்திக்கு யானைப் படம் பின்னினேன், தும்பிக்கை மட்டும் மூன்று தடவை பிரித்தேன். குழந்தை டாக்டர் ஒரு வயது வரைக்கும் தூங்கும்போது எந்தப் போர்வையும் தளர்வாகப் போடக்கூடாது, முகத்தை மூடிவிடும் என்று சொல்லிவிட்டார். குரோஷே துளையில் குட்டி விரல்கள் வேறு மாட்டும். அதனால் யானை இப்போது தொட்டிலுக்கு எதிர்ச் சுவரில் தொங்குகிறது. குழந்தை அதைப் பார்த்துச் சிரிக்கிறாள், மின்விசிறியைப் பார்த்தும் சிரிக்கிறாள்.

பூனைக்காரி:

பாட்டி, மூன்று தடவைதானா? மீசைக்கு நான் ஏழு. கடைசியில் பின்னவே இல்லை, வெள்ளை நூலை ஊசியில் கோத்து மேலே தைத்துவிட்டேன். மெல்லிய கோடெல்லாம் கட்டத்தில் வராது, மேலே தைப்பதுதான் வழி. அந்த 'வால்பாறை' போர்டையும் அப்படித் தைத்திருக்கலாமே அக்கா?

இடக்கை:

தைக்கலாம்தான், இப்போது தைத்தால் எந்தப் பக்கம் தைப்பது என்பதுதான் கேள்வி. போன வாரம் வால்பாறையில் நல்ல மழை, ஊருக்குப் போயிருந்தேன். அப்பா திண்ணையில் போர்வையை உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நூல் முடிச்சு எல்லாம் வெளியே தெரிகிறது. திருப்பிப் போடுங்கள் அப்பா என்று இழுத்தேன், விடவில்லை.

"இப்படிப் போட்டாத்தான் கதவு சரியான பக்கம் வருது."