மலையிலும் வேலியிலும் கண்ட மருந்துகள்: நெல்லைச் சீமை அனுபவங்கள்

அம்பாசமுத்திரத்திலிருந்து ஓர் ஆசிரியர்:

காரையாற்றுக்கு மேலே, காணிப் பழங்குடியினரின் குடியிருப்பைச் சேர்ந்த பெரியவர் ஒருவரோடு காட்டுக்குள் நடந்திருக்கிறேன். ஓடையோரம் ஒரு செடியைக் கண்டதும் நின்றார். வெட்டுக்கத்தியின் நுனியால் ஒரு பக்கத்து மண்ணை மட்டும் கிளறி, விரல் நீளத்துக்கு ஒரு வேரை அறுத்துக்கொண்டார். பிறகு மண்ணைத் தள்ளி மூடி, காலால் அமுக்கிவிட்டார். அடுத்த வேரைத் தொடவே இல்லை. "வீட்டில் ஒருத்திக்குத்தானே வயிற்று நோவு, இது போதும் சார்" என்றார். செடியின் பெயரைக் கேட்டேன். சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார்.

அவர் சொல்லாததில் எனக்கு வருத்தமே இல்லை. இதே மலையின் கேரளப் பக்கத்தில் 1987இல் ஆய்வாளர்கள் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தபோது, வழிகாட்ட வந்த காணிகள் ஏதோ ஒரு காயைத் தின்றபடி களைப்பில்லாமல் நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. கேட்டதும் அவர்கள் சொல்லிவிடவில்லை. வற்புறுத்திய பிறகே செடியைக் காட்டினார்கள். அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து உருவானது. உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997இல் அவர்களுக்கென்று அறக்கட்டளையும் அமைந்தது. உலகெங்கும் இதை முன்மாதிரியாகப் பேசினார்கள். ஆனால் காணிகளின் வைத்தியர்களான பிலாத்திகள் சிலர், பரம்பரையாகக் காத்த அறிவை வெளியே கொடுத்ததையே எதிர்த்தார்கள். பணத்தில் பங்கு கொடுப்பது நியாயம்தான். சொல்ல மாட்டேன் என்பவரின் உரிமையும் அதே அளவுக்கு நியாயம் என்றே நினைக்கிறேன்.

திசையன்விளைப் பக்கத்து விவசாயி:

மலை மூலிகையைப் பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள், எங்கள் செம்மண் காட்டு நிலாவாரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு மருந்து நூல்களில் 'தின்னவேலி சென்னா' என்று நம் ஊரின் பெயரோடு நிற்கும் பயிர் இது. தண்ணீர் அதிகம் கேட்காது. இலையைப் பறிப்பதைவிட உலர்த்துவதில்தான் வேலை. நேர் வெயிலில் போட்டால் நிறம் வெளுத்து விலை போய்விடும். நிழலில் பரப்பி, அவ்வப்போது புரட்டிவிட வேண்டும். தூத்துக்குடி வியாபாரி வந்ததும் முதலில் ஒரு பிடி அள்ளி வெளிச்சத்தில் நிறம் பார்ப்பார்.

மலச்சிக்கலுக்கு எங்கள் ஆச்சி இதைத் தனியாகக் கொடுத்ததே இல்லை, சுக்கு சேர்ப்பார். சேர்க்காவிட்டால் வயிறு முறுக்கும். இரவில் குடித்தால் காலையில் வேலை செய்யும். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கிடையாது, தொடர்ந்து நாள் கணக்கில் யாருக்கும் கிடையாது. குடல் அதற்கே பழகிவிடும் என்பார். இப்போது கடைகளில் அழகான டப்பாவில் தினமும் குடிக்கச் சொல்லி விற்கிறார்கள். பயிரிடுகிறவன் என்ற முறையில் அதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தாய்:

பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்குக் கண் மஞ்சளாகியிருந்தது. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து தயாராக வைத்துவிட்டார்கள். நானும் அவர்களோடு சித்த வைத்தியரிடம் போயிருந்தேன். அவர் நாடி பார்ப்பதற்கு முன்பே கேட்டது: "மலம் என்ன நிறத்தில் போகிறது அண்ணாச்சி?" வெளுத்துப் போகிறது, உடம்பெல்லாம் அரிக்கிறது என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. "இது பித்தப் பாதை அடைப்பாக இருக்கலாம். கீழாநெல்லி கேட்காது. இன்றைக்கே ஸ்கேன் எடுத்துவிடுங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். ஸ்கேனில் கல் அடைத்திருந்தது தெரிந்து, ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். மூலிகை தெரிந்தவர் என்று நான் யாரையாவது கைகாட்டினால் அவரைத்தான் காட்டுவேன்.

களக்காட்டிலிருந்து:

சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டு சர்க்கரையை வாயில் போட்டுப் பாருங்கள், மணலைத் தின்பதுபோல் இருக்கும். கொஞ்ச நேரத்தில் இனிப்புச் சுவை திரும்பிவிடும். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. அதற்காகச் சர்க்கரை நோய் மாத்திரையை யாரும் நிறுத்திவிடாதீர்கள்.

வள்ளியூரிலிருந்து:

மழைக்குப் பிறகு எங்கள் வேலிகளில் செங்காந்தள் பூத்துக் கிடக்கும். வெளியூர் இளைஞர் ஒருவர் செல்போனில் படம் பார்த்துப் பார்த்து அதன் கிழங்கைத் தோண்டிக்கொண்டிருந்தார். அப்பாவின் மூட்டு வலிக்குக் கஷாயமாம். ஆடு மேய்க்க வந்த அம்மா ஓடிப்போய்த் தடுத்தார். "தம்பி, அது கண்வலிக் கிழங்கு, ஆளைக் கொல்லும். போட்டுவிட்டுக் கையைக் கழுவு." 'கவுட்' என்ற வகை மூட்டு வாதத்துக்கு மருத்துவர்கள் தரும் கால்ச்சிசின் என்ற மருந்து அந்தக் கிழங்கிலும் விதையிலும் இருப்பது உண்மை. ஆனால் மாத்திரையில் இருப்பது மில்லிகிராமுக்கும் குறைந்த அளவு. கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று கையால் எடை போட முடியாது. அந்த இளைஞர் அரை மனதோடு கிழங்கைக் குழியில் போட்டார். அந்த அம்மா மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, அப்பாவை அழைத்துப் போகச் சொல்லி அரசு ஆஸ்பத்திரிக்கு வழியும் சொன்னார்.