புதுப்பிப்பு: குளிர்ந்த பச்சை சூப் இப்போது பழுப்பாவதில்லை

குழந்தைக்காக முயற்சி செய்கிறோம், ஃபோலேட் (கருவின் வளர்ச்சிக்குத் தேவையான பி வைட்டமின்) சேரட்டுமே என்று பாலக்கீரை, பச்சைப் பட்டாணி, வெள்ளரிக்காய் அரைத்துச் செய்யும் சூப் ஃப்ரிட்ஜில் வைத்தால் பழுப்பாகிறதே என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

குடிக்கும் நேரத்தில் எலுமிச்சையைப் பிழியச் சொன்ன அக்காவின் யோசனைதான் பலித்தது, புளிப்பு பட்டுக் கொஞ்ச நேரம் இருந்தாலே கீரையின் பச்சை மங்கிவிடுகிறது. கீரையைத் தண்ணீரில் போடாமல் (ஃபோலேட் அதில் கரைந்து போய்விடும்) ஆவியில் ஒரு நிமிடம் வாட்டி, பட்டாணியை மட்டும் தனியாக வேகவைத்து, அரைத்ததும் பாத்திரத்தோடு ஐஸ் தண்ணீரில் இறக்கினேன்.

எதிர்பாராதது உப்பு. சூட்டில் சரியாக இருந்தது குளிர்ந்ததும் சப்பென்று ஆகிவிட்டது, அதனால் கடைசியில் பார்த்துப் போடுங்கள். அப்புறம், சூப் குடித்தாலும் தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில (ஃபோலேட்டின் மாத்திரை வடிவம்) மாத்திரையை விடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.