வேதிவினையில் ஓடி வேதிவினையில் நிற்கும் கார்: உங்கள் அணியின் அனுபவம் என்ன?

உப்பளத்தான்:

எங்கள் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு வேதிப் பொறியியலுக்கு இதைச் செய்முறைப் பாடமாகவே வைத்திருந்தார்கள். ஐந்து பேர், ஒரு பருவம், ஒரு கார். அமெரிக்க வேதிப் பொறியாளர் கழகம் 1999 முதல் நடத்திவரும் கெம்-இ-கார் போட்டியின் விதிகள்தான் எங்களுக்கும். கார் ஷூ பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கலாம். ஓட வேண்டிய தூரம் 15 முதல் 30 மீட்டருக்குள் ஏதோ ஒன்று. சுமை 500 மில்லிலிட்டர் வரை தண்ணீர். இரண்டையும் ஒரு மணி நேரம் முன்புதான் சொல்வார்கள். பிரேக், ரிமோட், கடிகாரம் எதுவும் கூடாது.

நிறுத்துவதற்கு நாங்கள் அயோடின் கடிகார வினையை எடுத்துக்கொண்டோம். ஹைட்ரஜன் பெராக்சைடு அயோடைடை அயோடினாக மாற்றிக்கொண்டே இருக்கும். கரைசலில் வைட்டமின் சி இருக்கும்வரை அது அந்த அயோடினை உடனுக்குடன் பழையபடி அயோடைடாக்கிவிடும். வைட்டமின் சி தீர்ந்த நொடியில் மிஞ்சும் அயோடின் ஸ்டார்ச்சோடு சேர, பீக்கர் முழுவதும் கருநீலமாகிவிடும். பீக்கருக்கு அப்பால் இருக்கும் ஒளி உணரிக்கு வெளிச்சம் போகாது, மோட்டார் நின்றுவிடும். அந்தக் கருநீலத்தை முதன்முதலாகப் பார்த்த மாலையில் ஐந்து பேரும் பேச்சற்று நின்றோம்.

தொல்லை அதற்குப் பிறகு வந்தது. மாலையில் 20 மீட்டர் கோட்டுக்கு மிக அருகில் நிற்கும் கார், மறுநாள் காலையில் கோட்டுக்கு இரண்டு மீட்டர் முன்பே நின்றுவிடும். மாலையில் மறுபடி சரியாகிவிடும். மோட்டாரைச் சந்தேகித்தோம், மின்கலத்தைச் சந்தேகித்தோம், தாழ்வாரத்துத் தரை காலையில் ஈரமாக இருப்பதால் சக்கரம் வழுக்குகிறது என்றுகூட வாதிட்டோம். வெப்பநிலையாக இருக்குமோ என்று பார்த்தால், கணக்கு நேர்மாறாக இருந்தது. காலையில் ஆய்வகம் குளிர்ந்திருக்கும். வினை மெதுவாகி கார் கூடுதல் தூரம் அல்லவா போக வேண்டும்? பத்து நாட்கள் இப்படியே போயின.

எங்கள் ஆய்வக உதவியாளர் ஓய்வுபெற ஓர் ஆண்டு இருந்தவர். எங்கள் சண்டையைக் கேட்டுக்கொண்டே பியூரெட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தவர், "தம்பி, அந்தக் கரைசலை எப்போது கலக்கினீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

நேற்று மாலை. வைட்டமின் சி கரைசலைத் தினமும் மாலையில்தான் புதிதாகக் கலக்குவோம். மீதியை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்வோம்.

தண்ணீரில் கரைந்த வைட்டமின் சி காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தானாகவே குறைந்துகொண்டு போகும். தண்ணீரில் செம்பின் சுவடு இருந்தால் இன்னும் விரைவாகக் குறையும். நாங்கள் ஊற்றியது குழாய்த் தண்ணீர். தீர வேண்டிய பொருள் இரவோடு இரவாக ஓரளவு தீர்ந்துபோயிருக்கிறது. கார் சீக்கிரம் நிற்பதில் என்ன வியப்பு! அன்று முதல் காய்ச்சி வடித்த நீர், ஒவ்வோர் ஓட்டத்துக்கும் அப்போதே எடை போட்டுக் கலக்கிய கரைசல். அந்த வாரமே காலைக்கும் மாலைக்கும் இருந்த வேறுபாடு ஒரு சாண் அளவுக்குச் சுருங்கியது. துறை அரங்கில் எங்கள் கார் கோட்டிலிருந்து 38 செ.மீ. தள்ளி நின்றபோது, அவர் கடைசி வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அறிக்கையின் நன்றியுரையில் அவர் பெயரைத்தான் முதலில் எழுதினோம்.

சேலத்துக்காரி:

படிக்கப் படிக்க எங்கள் ஸ்டார்ச்தான் நினைவுக்கு வந்தது. எங்கள் ஊரில் மரவள்ளி மாவுக்கா பஞ்சம்? வீட்டிலிருந்தே கொண்டுபோய்க் காய்ச்சி, ஒரு புட்டியில் வைத்திருந்தோம். நான்கு நாட்களில் அது கெட்டுவிட்டது. கருநீலம் வரவில்லை; செம்பழுப்பாக, வெளுத்துப்போன ஒரு நிறம்தான் வந்தது. ஒளி உணரி அதை இருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. கார் கோட்டைத் தாண்டி, நடுவர் மேசையையும் தாண்டிப் போய்ச் சுவரில் முட்டியது. அன்று நான் அழுதேன். அடுத்த ஓட்டத்துக்குக் காலையில் காய்ச்சிய கஞ்சியை எடுத்துப்போனோம். நிறம் சட்டென்று விழுந்தது.

ஈரோட்டிலிருந்து வந்தவன்:

நான் இப்போது அமெரிக்காவில் மேற்படிப்பு படிக்கிறேன். இங்கே எங்கள் அணி ஓட்டத்துக்கே போகவில்லை. அலுமினியமும் காற்றில் உள்ள ஆக்சிஜனும் வினைபுரிந்து மின்சாரம் தரும் அலுமினியம்-காற்று மின்கலம் செய்திருந்தோம். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் ஊற்றுவது. பாதுகாப்புச் சோதனையில் ஒரு புட்டியில் பெயர்ச்சீட்டு இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். அன்று கோபம் வந்தது. ஆனால் அந்தக் காரம் அலுமினியத்தைத் தின்னும்போது ஹைட்ரஜன் வெளிவரும். காரம் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். சோதித்தவர் செய்தது சரி என்றே இன்றும் சொல்வேன். உப்பளத்தான் அண்ணா, மின்சாரத்துக்கு நீங்கள் என்ன வைத்தீர்கள்?

உப்பளத்தான்:

அதே அலுமினியம்-காற்றுதான் தம்பி, ஆனால் உப்புத் தண்ணீரில். மின்னழுத்தம் குறைவு; ஆறு கலங்களைத் தொடராக இணைத்தோம். உப்பு தூத்துக்குடியிலிருந்து, என் அப்பா வேலை பார்த்த பாத்தியிலிருந்து வந்தது.