பாடநூலில் உள்ள கியூஆர் குறியீடும் ‘மிகை மெய்ம்மை’தானா?

கேள்வி – உயர்நிலைப் பள்ளி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். 2018 முதல் வெளிவந்த தமிழகப் புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் அச்சிடப்பட்டிருப்பதையும், அவற்றை ஸ்கேன் செய்தால் பாடத்துக்குரிய காணொளி திறப்பதையும் அறிவீர்கள். அண்மையில் ஒரு பயிற்சியில் இதையே ‘ஆக்மென்டட் ரியாலிட்டி’, அதாவது மிகை மெய்ம்மை என்று ஒருவர் விளக்கினார். ஆனால் என் மாணவன் ஒருவன் வேறொரு செயலியைத் திறந்து, வகுப்பறைத் தரையில் ஒரு சிங்கம் நிற்பதைக் காட்டினான். இரண்டும் ஒன்றா? தரை எங்கே இருக்கிறது என்பது கைப்பேசிக்கு எப்படித் தெரிகிறது? கற்பித்தலில் இதற்கு உண்மையான பயன் உண்டா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி – செயலி உருவாக்குநர்

இரண்டும் ஒன்றல்ல, அம்மா. கியூஆர் குறியீடு ஓர் இணைய முகவரியைத் தாங்கி நிற்கிறது; காணொளி திறந்த பிறகு புத்தகத்தை மூடி வைத்தாலும் அது ஓடிக்கொண்டிருக்கும். மிகை மெய்ம்மைக்கு, 1997இல் ஆய்வாளர் ரொனால்ட் அசுமா எழுதிய ஆய்வுக்கட்டுரை மூன்று நிபந்தனைகளை வகுத்தது: மெய்யுலகும் கணினி உருவமும் கலந்து தெரிய வேண்டும், நாம் அசையும் அக்கணமே உருவம் அதற்கேற்ப மாற வேண்டும், முப்பரிமாண வெளியில் அது தன் இடத்தில் பொருந்தி நிற்க வேண்டும். உங்கள் மாணவனின் சிங்கத்தைச் சுற்றி நடந்தால் அதன் வாலைப் பார்க்கலாம் அல்லவா, அதுதான் மூன்றாவது நிபந்தனை. கண்ணை முழுவதும் மூடி வேறோர் உலகைக் காட்டும் மெய்நிகர் உண்மையிலிருந்து இது வேறுபடுவது, நம் வகுப்பறை மறையாமல் அங்கேயே இருப்பதால்தான்.

தரையை அறியும் விதம் இன்னும் அழகானது. கேமரா காட்சியில் தனித்துத் தெரியும் புள்ளிகளை, அதாவது தரை ஓட்டின் மூலை, மேசையின் விளிம்பு, மரத்தின் ரேகை போன்றவற்றை, மென்பொருள் தேர்ந்து பின்தொடர்கிறது. நாம் கைப்பேசியை நகர்த்தும்போது அருகிலுள்ள புள்ளிகள் அதிகமாகவும் தொலைவிலுள்ளவை குறைவாகவும் இடம்பெயர்கின்றன. பேருந்துச் சன்னலில் மரங்கள் விரைந்தோட, தொலைவிலுள்ள மலை நின்றுகொண்டிருப்பதைப் போல. இந்த வேறுபாட்டையும், கைப்பேசிக்குள் இருந்து அதன் வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானியும், அது திரும்புவதை அளக்கும் சுழல்மானியும் தரும் அளவுகளையும் சேர்த்துக் கணித்து, சூழலின் வரைபடத்தையும் அதில் தன் இருப்பிடத்தையும் கைப்பேசி ஒரே நேரத்தில் கண்டறிகிறது. பல புள்ளிகள் ஒரே தளத்தில் அமைந்தால் அதைத் தரை என்றோ மேசை என்றோ எடுத்துக்கொள்கிறது. வெள்ளையடித்த வெறுஞ்சுவர், கண்ணாடிப் பரப்பு, மங்கலான வெளிச்சம் ஆகியவற்றில் உருவம் நழுவுவதற்குக் காரணம், பற்றிக்கொள்ளப் புள்ளிகள் கிடைக்காததே. செயலி உருவாக்குவோருக்கான மென்பொருள் தொகுப்புகளாக ஆப்பிள் 2017இல் ஏஆர்கிட்டையும் கூகுள் 2018இல் ஏஆர்கோரையும் வெளியிட்ட பின்னரே இந்தக் கணிப்பு சாதாரணச் செயலிகளுக்குள் பரவலாக வந்தது.

மறுமொழி – ஓய்வுபெற்ற பொறியியல் பேராசிரியர்

பயனைப் பற்றிய கேள்விக்கு, ‘ஆக்மென்டட் ரியாலிட்டி’ என்ற பெயர் பிறந்த இடத்தையே விடையாகச் சொல்வேன். 1990களின் தொடக்கத்தில் போயிங் நிறுவனத்தின் டாம் காடெல், டேவிட் மைசல் ஆகியோர், விமானத்துக்குரிய மின்கம்பிக் கட்டுகளைப் பெரிய பலகைகளின் மேல் அமைக்கும் தொழிலாளர்களுக்காக, எந்தக் கம்பி எவ்வழியே செல்ல வேண்டும் என்பதைக் கண்முன் பலகையின் மேலேயே காட்டும் தலைக்கருவியை முன்மொழிந்தனர். வரைபடத்தையும் பலகையையும் மாறி மாறிப் பார்க்கும் சிரமத்தைப் போக்குவதே நோக்கம். தகவல் ‘எது’ என்பதோடு ‘எங்கே’ என்பதும் முக்கியமாகும் இடத்தில்தான் மிகை மெய்ம்மை தன் விலைக்கு உரிய வேலையைச் செய்கிறது என்பது என் உறுதியான கருத்து. சிங்கம் எந்த மூலையில் நின்றாலும் சிங்கமே. அதனால் மாணவர் கற்பது படத்தில் கற்பதைவிடச் சற்றே கூடுதல்.

மறுமொழி – செவிலியர்

பேராசிரியர் ஐயா சொன்னதற்கு என் பணியிலிருந்து ஒரு சான்று. குழந்தைகளுக்கு ஊசி போடச் சிரையைத் தேடுவது அவர்களுக்கும் எங்களுக்கும் வேதனையானது. அண்மை அகச்சிவப்பு ஒளியை இரத்தத்தின் ஹீமோகுளோபின் உறிஞ்சிக்கொள்வதைப் பயன்படுத்திச் சிரையின் தடத்தைக் கண்டறிந்து, அதைத் தோலின் மீதே ஒளியால் வரைந்து காட்டும் கருவி உள்ளது. திரையும் கண்ணாடியும் இல்லாத மிகை மெய்ம்மை இது. சிரை எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்பதை அந்த ஒளிப்படம் சொல்லாது என்பதால், விரலால் தொட்டுணர்ந்த பிறகே ஊசியைச் செலுத்துகிறோம்.

கேள்வி கேட்டவரின் தொடர்ச்சி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ‘எங்கே’ என்பது முக்கியமான பாடம் எது என்று யோசித்தபோது, நிலவரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள் நினைவுக்கு வந்தன. தாளில் வளையங்களாகத் தெரியும் அவற்றை மலையாகக் கற்பனை செய்ய என் மாணவர்கள் ஆண்டுதோறும் திணறுகிறார்கள்.

மறுமொழி – செயலி உருவாக்குநர்

அதற்கென்றே ஒரு கருவி உள்ளது, அம்மா. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் உருவான மிகை மெய்ம்மை மணல் தொட்டியில், மேலே பொருத்திய ஆழம் அறியும் கேமரா மணலின் உயரத்தை அளக்க, புரொஜெக்டர் அதற்கேற்ற வண்ணங்களையும் சம உயரக் கோடுகளையும் மணலின் மேலேயே வீழ்த்துகிறது. மணலைக் குவித்தால் கோடுகள் நெருங்குகின்றன, பரப்பினால் விலகுகின்றன. தொட்டிக்கு மேலே கையை விரித்துப் பிடித்தால் ‘மழை’ பெய்து, நீர் பள்ளத்தை நோக்கி ஓடுகிறது. மென்பொருள் இலவசம். பள்ளியில் புரொஜெக்டர் இருந்தால், நல்ல கிராபிக்ஸ் அட்டை உள்ள கணினியும் ஆழம் அறியும் கேமராவும் மரத்தொட்டியுமே மேலும் தேவைப்படும். அறையில் வெளிச்சத்தைக் குறைக்கத் திரைச்சீலைகளையும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.